சமையலறைக்கு ஒரு தெருவாசல்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். மேலதிகாரியில் தொடங்கித் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் மூணாம் ஜன்னல். "மூணாம் ஜன்னல் இன்னைக்கு லீவா?" "மூணாம் ஜன்னலுக்குப் பல் வலியாம், பக்கத்துல போகாதீங்க." ஒருமுறை யாரோ நன்றி சொல்லி அனுப்பிய கடிதத்தின் உறையில்கூட 'மூணாம் ஜன்னல் அம்மா அவர்கள்' என்றுதான் எழுதியிருந்தது. தபால்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் 'தகவல்' என்று எழுதியிருக்கும். அங்கே ஆளும் கிடையாது, தகவலும் கிடையாது. இரண்டாவது, அபராதம் கட்டுகிற ஜன்னல். எவ்வளவு திட்டினாலும் முகம் மாறாத ஒருவரை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். மூன்றாவதுதான் குடியிருப்போர் வாகன நிறுத்த அனுமதி. அந்த ஊரின் தெருக்கள் அப்படியே இருந்தன. கார்கள் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போயின. அதனால் பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது. எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவில் மட்டும் வண்டியை நிறுத்து. அதற்கு ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாமல் அடுத்த தெருவில் நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு.

அந்த ஸ்டிக்கரைக் கொடுப்பதும் மறுப்பதும் அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்காத பொய் இல்லை. இறந்துபோன அப்பாவின் பேரில் இன்னும் கார் வைத்திருப்பவர்கள், ஒரே வீட்டுக்குள் ஒன்பது குடித்தனம் என்று சாதிப்பவர்கள், மாமனார் வீட்டு முகவரியில் விண்ணப்பித்துவிட்டு மாமனார் பெயர் கேட்டால் விழிப்பவர்கள். ஒருவர் தன் ஸ்டிக்கரைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து மூன்று கார்களில் ஒட்டி, மூன்றையும் வரிசையாக நிறுத்தி மாட்டிக்கொண்டார்.

"மேடம், அதுல ஒண்ணு சத்தியமா ஒரிஜினல்," என்றார் நெஞ்சில் கைவைத்து.

"அப்போ மூணுக்கு ஒண்ணு உண்மை. இங்க வர்றவங்கள்ல நீங்க நல்லவர் கணக்குலதான் வருவீங்க. விண்ணப்பம் தள்ளுபடி. அடுத்து!"

இத்தனைக்கும் அவளுக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. இளவயதில் ஒரே ஒரு தடவை ஸ்கூட்டர் பழகினாள். அது நேராகப் போய் ஒரு தக்காளிக் கடைக்குள் நின்றது. அன்றோடு பேருந்துதான். வண்டி இல்லாதவள் என்பதால் அவளுக்கு எந்தத் தெருவின்மேலும் ஆசை இல்லை. அதனால் பயமும் இல்லை. கவுன்சிலரின் மச்சானாக இருந்தாலும் மின்கட்டண ரசீது இல்லாமல் வந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. விதிப் புத்தகத்தில் ஒரு வரி அவளுடையது.

திட்டம் தொடங்கிய வருடம், மூலைவீட்டுக்காரர் ஒருவர் வந்து சண்டை பிடித்தார். இரண்டு தெருவும் என் வீட்டைத் தொடுகிறது, இரண்டு ஸ்டிக்கர் கொடு என்றார். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ரகம். அன்றும் தேடிக்கொண்டே, "இந்த மூலைவீட்டை எந்தத் தெருவுல சேர்க்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார். அவள் ரொட்டியை மென்றுகொண்டே, "வாசல் எந்தப் பக்கம் திறக்குதோ அந்தத் தெருதான் சார், வேற என்ன?" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அச்சில் வந்தபோது அது விதி பதினொன்று, உட்பிரிவு இ: 'மூலைவீடு எனில், அதன் வாசல் எத்தெருவில் திறக்கிறதோ அத்தெருவைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.' அவள் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் புதிதாக அச்சடித்த புத்தகம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள்.

அந்த வரிதான் அவள் குடும்பத்தின் தலையில் விடியப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவள் குடியிருந்ததும் மூலைவீடுதான். முன்வாசல் பெரிய தெருவில். அது பேருந்து போகிற தெரு. இரண்டு ஓரமும் மஞ்சள் கோடு, ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்தாலும் குற்றம். பக்கச் சுவர் குறுக்குத் தெருவில். அங்கே ஓரமெல்லாம் வெள்ளைக் கட்டங்கள், பகலில் பாதி காலி. பெரிய தெருக்காரர்களுக்கு நகராட்சி ஒதுக்கியிருந்த இடம் பழைய மில் மைதானம். பள்ளத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்து இறங்கிப் போக இருபது நிமிடம், ஏறி வர முப்பது.

வண்டியே இல்லாத வீட்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கம்பெனி வேன் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் இறக்கிவிடும். ஐம்பத்தெட்டு வயது முடிந்த அன்று கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. மறுநாளிலிருந்து வேன் வரவில்லை. பழகிய வாடிக்கையாளர்கள் விடவில்லை. "நீங்களே தனியா வந்து பாருங்க, எங்களுக்கு உங்க கை போதும்," என்றார்கள். அவரும் ஒரு பழைய குட்டி வேனை வாங்கி வந்து மாலையில் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

அவள் வெளியே வந்து வேனைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள். சக்கரம் மஞ்சள் கோட்டின்மேல் இருந்தது.

"எடுங்க முதல்ல."

"நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு முன்னாடி இருக்கிறதுதான் நல்லா இல்லை."

அவர் வேனை மில் மைதானத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தார். கருவிப்பெட்டியை வேனில் விட்டுவைக்க முடியாது; அந்த மைதானத்தில் பூட்டின வண்டியின் கண்ணாடியே களவு போகும். ஆகவே பெட்டி ஒரு கையில், கேஸ் சிலிண்டர் ஒரு கையில், தினம் இரண்டு நடை. ஒரு மாதத்தில் அவர் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. அதைச் சொல்ல அவருக்குக் கௌரவம் விடவில்லை. பதிலாக, குறுக்குத் தெருவில் திருட்டுத்தனமாக நிறுத்தத் தொடங்கினார். அந்தப் பகுதிக்கு வருகிற பச்சைத் தொப்பி போட்ட ஆய்வாளர் பெண் ஒரே வாரத்தில் நான்கு அபராதச் சீட்டு சொருகினாள். ஐந்தாவது நாள் சக்கரத்துக்குப் பூட்டே போட்டாள். பூட்டைத் திறக்கச் சொல்லி அவர் இரண்டாம் ஜன்னலில் நின்றபோது பக்கத்து ஜன்னலில் இருந்த மனைவி தலையையே நிமிர்த்தவில்லை.

கடைசியில் அவர் நேர்வழிக்கு வந்தார். குறுக்குத் தெரு ஸ்டிக்கர் கேட்டு முறையாக விண்ணப்பம் எழுதி, வரிசையில் நின்று, மூன்றாம் ஜன்னலில் நீட்டினார்.

"சொந்தக்காரங்க விண்ணப்பத்தை நான் வாங்கக் கூடாது. முதல் ஜன்னல்ல குடுங்க."

"முதல் ஜன்னல்ல யாருமே இல்லையேம்மா."

"வரும்போது குடுங்க."

"எப்ப வருவாங்க?"

"அந்தத் தகவல் முதல் ஜன்னல்லதான் கேக்கணும்."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தை மேலதிகாரியே வாங்கிக்கொண்டார். வாங்கியவர் இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் 'மூன்றாம் ஜன்னலின் கருத்து தேவை' என்று எழுதி அவளுக்கே திருப்பி அனுப்பினார். அவளால் வாங்க முடியாததன்மேல் கருத்துச் சொல்லலாமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கூடாது என்று எங்கும் இல்லை. பேனாவை எடுத்து எழுதினாள்: 'வீட்டின் வாசல் பெரிய தெருவில் திறக்கிறது. விதி 11 இ-இன்படி நிராகரிக்கலாம்.'

நான்காம் நாள் தபால்காரர் பதிவுத்தபால் கொண்டுவந்தார். அன்று அவள் விடுப்பில் இருந்ததால் அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கணவர் பிரித்துப் படித்தார். கருத்தின் நகலும் உள்ளே இருந்தது. முப்பது வருடமாக வீட்டு மளிகைச் சீட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"இதை நீ வாயால சொல்லியிருக்கலாமே," என்றார். "பதிவுத்தபால் எதுக்கு?"

"நிராகரிப்பு பதிவுத்தபால்லதான் வரணும்."

அன்றிலிருந்து அவர் அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்தினார். ஏதாவது வேண்டுமென்றால் கல்லூரியில் படிக்கிற மகள் வழியாகத்தான். "உங்க அம்மாகிட்ட உப்பு கேளு." "ஜன்னல் திறந்திருந்தா உப்பு குடுப்பாங்களான்னு கேளு." மகள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, "ரெண்டு பேரும் விண்ணப்பமா எழுதிக் குடுங்க, நான் முன்னுரிமைப்படி பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள். வேலை முடிந்து வந்தவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தும்மினாள். வீடு முழுக்கச் செங்கல் தூசி. சமையலறைக்குப் போனால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மசாலா டப்பாக்கள் இருந்த அலமாரியைக் காணோம். அலமாரி இருந்த சுவரையும் காணோம். அந்த இடத்தில் குறுக்குத் தெரு தெரிந்தது. தெருவில் போன ஒரு நாய் நின்று அவளைப் பார்த்தது.

ஓட்டைக்கு நடுவில் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தன் நின்றான். கணவரின் தம்பி, கொத்தனார். தலை, புருவம், மீசை எல்லாம் சிமெண்ட் நிறம்.

"அண்ணி, வாங்க. இந்த வழியா வர வேண்டியதுதானே? ஏன் சுத்திக்கிட்டு?"

"என்ன தம்பி இது?"

"வாசல் அண்ணி. வாசல் எங்க திறக்குதோ அந்தத் தெருன்னு நீங்கதானே எழுதினீங்க? அண்ணன் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"கட்டடப் பிரிவுல அனுமதி வாங்கினீங்களா?"

"ஒரு மீட்டருக்குள்ள அகலம் இருந்தா அனுமதி வேண்டாமாம். இது தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். டேப் தரட்டுமா?"

அவள் டேப்பை வாங்கி அளந்தாள். தொண்ணூற்றெட்டுதான். கணவர் மூலையில் நின்று, எதற்கும் தொடர்பில்லாத முகத்தோடு மசாலா டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு சிரிப்பும் கலந்து வந்தது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர் ஓட்டையானதைவிட, தன் வரியிலேயே ஒரு ஓட்டை இருந்ததும் அதை வீட்டுக்குள்ளேயே ஒருவர் கண்டுபிடித்ததும்தான் அவளை அதிகம் குடைந்தது.

மறுநாள் நிலை வைத்து, கதவு மாட்டி, கதவில் எண்ணும் எழுதியாகிவிட்டது. இரண்டாவது விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போனது. இப்போது மேலதிகாரிக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு இரண்டு வாசல். விதி 'வாசல்' என்று ஒருமையில்தான் சொல்கிறது. எந்த வாசல்? அவர் மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டம் போட்டு அவளையும் அழைத்தார்.

"இது உங்க வரிதானேம்மா. நீங்க இதை எழுதும்போது வாசல்னா என்னன்னு நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கலை சார். ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப நினைங்க."

அவள் யோசித்தாள். கணவருக்குச் சாதகமாகவும் சொல்லக் கூடாது, பழிவாங்குவதுபோலவும் சொல்லக் கூடாது. "ஆள் எந்த வழியா வந்து போறாங்களோ அதுதான் சார் வாசல். கதவு மாட்டியிருக்கிறதெல்லாம் வாசல் ஆகிடாது. எங்க வீட்டுப் பீரோவுக்கும் கதவு இருக்கு."

கூட்டத்துக்கு அது பிடித்துப்போனது. நில அளவைப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பி, மூன்று நாள், காலை ஆறிலிருந்து மாலை ஏழுவரை, எந்தக் கதவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். அந்த அளவுக்காரர் ஒரு மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்து, இரண்டு கதவும் தெரிகிற மாதிரி எதிர் மூலையில் உட்கார்ந்தார்.

வீட்டில் அவசரநிலை பிரகடனம் ஆனது. கணவர் முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். கொழுந்தன் தன் மனைவி, மனைவியின் அக்கா, கூட வேலை செய்கிற நான்கு பேர் என்று படையோடு வந்து இறங்கினான். சமையலறைக் கதவு வழியாக உள்ளே வருவதும் தண்ணீர் குடிப்பதும் வெளியே போவதும் மறுபடி தாகம் எடுத்து வருவதுமாக அன்று முழுக்கத் திருவிழாதான். அளவுக்காரர் எதையும் விடவில்லை. 'ஒரே நபர், சிமெண்ட் ஒட்டிய சட்டை, பதினாறு முறை' என்று குறித்துக்கொண்டார்.

அவள் மட்டும் வளையவில்லை. காலையில் தாழ்ப்பாளை நீக்கி முன்வாசல் வழியாகவே வேலைக்குப் போனாள், அந்த வழியாகவே வந்தாள். பேருந்து நிறுத்தம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

"அம்மா, அப்பா பாவம்மா," என்றாள் மகள்.

"நான் எப்பவும் போற வழியில போறேன். அதை மாத்தினா அதுதான் பொய்."

இரண்டாம் நாள் மகளும் அம்மாவோடு சேர்ந்து ஒருமுறை முன்வாசல் வழியாகப் போய் வந்தாள். நடுநிலையாம்.

மூன்றாம் நாள் மாலை. அவள் வந்த பேருந்து மில் மேட்டில் திணறி ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கணவரைப் பார்த்தாள். பாதி மேட்டில், மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி, சிலிண்டர். கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டு, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேருந்துச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கால்சட்டையை இறக்கிவிட்டு எழுந்தார். எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தை மிகவும் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். அது பெண்கள் தையற்பயிற்சி வகுப்பு விளம்பரம். இந்த நேரத்துப் பேருந்தில் தான் வருவது தெரிந்துதான் அப்படிச் செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். தினமும் இந்தப் பேருந்தைக் கேட்டு எழுந்து நின்றிருப்பார். அவள்தான் ஒரு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை.

வீட்டு முன்வாசலில் சாவியை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மூலையைத் திரும்பிக் குறுக்குத் தெருவுக்கு வந்தாள். அளவுக்காரர் நாற்காலியை மடக்கத் தயாராக இருந்தார்.

"இன்னும் ஏழு ஆகலையே? எழுதிக்கோங்க. ஒரு ஆள், உள்ளே."

"நீங்க ஆபீஸ் ஆளாச்சே மேடம். உங்களைக் கணக்குல சேர்க்கலாமா?"

"ஆபீஸ்ல இருக்கிறது மூணாம் ஜன்னல். இந்த வீட்டுக்குச் சாப்பிட வர்றது நான். எழுதுங்க."

கதவைத் தள்ளி உள்ளே போனவள் பாத்திரத் தொட்டியின் மூலையில் இடுப்பை இடித்துக்கொண்டு, அந்தக் கதவையும் அதை வைத்தவனையும் வைக்கச் சொன்னவரையும் ஒரே மூச்சில் திட்டினாள். அளவுக்காரருக்கு நன்றாகக் கேட்டது. அதை அவர் குறிக்கவில்லை.

முடிவு: சமையலறைக் கதவு நூற்றுப் பதினெட்டு, முன்கதவு ஒன்பது. அந்த ஒன்பதில் ஐந்து அவளுடையது, இரண்டு மகளுடையது, மீதி இரண்டு மின்மீட்டர் பார்க்க வந்தவர். சிமெண்ட் சட்டைக்காரரை முழுக்கக் கழித்தாலும் சமையலறையே ஜெயித்தது. ஸ்டிக்கர் வந்தது. கணவர் அதை வேன் கண்ணாடியில் ஒட்டும்போது ஒரு குமிழிகூட விழாமல் அரைமணி நேரம் தடவினார். அன்று மாலை மகளைக் கூப்பிடாமல், அவளிடமே நேராக, "கொஞ்சம் உப்பு குடேன்," என்றார். அவளும் கொடுத்தாள்.

ஆனால் விதிகள் அவ்வளவு லேசில் மனிதரை விடுமா? தெருவில் ஒரு வீட்டு வாசல் திறந்தால் அதற்கு நேரே வண்டி நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து, புதுக் கதவுக்கு எதிரே இருந்த வெள்ளைக் கட்டத்தை அழித்துவிட்டு மஞ்சளில் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை பாடுபட்டு வாங்கிய இடம் வாசல் வந்ததாலேயே போனது. வேன் இரண்டு வீடு தள்ளித்தான் நின்றது. அதுவும் நாற்பது அடிதான், மில் மேடு இல்லை என்று அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

திருப்திப்படாதவர் ஒருவர் இருந்தார். அழிந்துபோன அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு வருடமாகக் காரை நிறுத்திவந்த டியூஷன் வாத்தியார். அவர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அதே பொறுமையோடு ஏழு பக்கத்துக்குப் புகார் எழுதினார். அனுமதி கொடுக்கிற ஜன்னலில் இருப்பவர் தன் புருஷனுக்கே சலுகை செய்துவிட்டார் என்பது சாரம். விசாரணை வந்தது. கோப்பைத் திறந்தால் முதல் தாளே அவள் எழுதிய 'நிராகரிக்கலாம்'. விசாரித்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "வீட்டுல நிலைமை எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டு, கோப்பை மூடிவிட்டார். வாத்தியாரிடம் அவளே போய்ப் பேசினாள். அவருடைய பழைய ஃபிரிட்ஜைக் கணவர் பார்த்துக்கொடுத்தார். வாத்தியார் பேச மட்டும் தொடங்கினார். சிரிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

அதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மூலைவீடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கொழுந்தனுக்கு மூச்சுவிட நேரமில்லை; எல்லாக் கதவும் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். குளியலறையில் தெருவாசல், படுக்கையறையில் தெருவாசல். ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியில் வைத்த வாசலில் குழந்தைகள் தவிர யாரும் நுழைய முடியவில்லை. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க திறந்துவிட்டது, நீங்களே மூடுங்க."

இந்தத் தடவை அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுதினாள். 'வாசல் என்பது, இத்திருத்தம் வெளியாகும் நாளுக்கு முன்பிருந்தே பயன்பாட்டில் உள்ள வாசலை மட்டும் குறிக்கும்.' எழுதி முடித்ததும் தன் வீட்டுக் கதவு அந்தத் தேதிக்கு முன்னால்தான் வருகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. வேறு எந்தத் தேதி போட்டாலும் பொய்யாக இருக்கும் என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து அன்று இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கசப்பாக்கின.

திருத்தம் வந்த மூன்றாம் நாள் ஜன்னலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவர் வீட்டில் சுவரை உடைத்தாயிற்று; நிலை வைப்பதற்குள் திருத்தம் வந்துவிட்டது. இப்போது கதவும் இல்லை, சுவரும் இல்லை.

"உங்க வீட்டுக்காரருக்குன்னா ஒரு சட்டம், எனக்குன்னா ஒரு சட்டமா?" என்று கத்தினார். இரண்டாம் ஜன்னல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கையிலிருந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே சட்டம்தாங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டாரு, நீங்க பிந்திட்டீங்க. அது நியாயம்னு நான் சொல்லலை. உக்காருங்க." ஒரு தாளை எடுத்தாள். "மேல்முறையீடு எழுதுங்க. சுவரை உடைச்ச தேதி என்ன? கொத்தனார் சீட்டு இருக்கா? வேலை முன்னாடியே ஆரம்பிச்சாச்சுன்னு முதல் வரியில எழுதுங்க. என்னைத் திட்டுறதைக் கடைசியில வைங்க, அப்பதான் முழுசாப் படிப்பாங்க."

அவர் அப்படியே எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து அவருக்கு ஸ்டிக்கர் கிடைத்தது. வாங்க வந்தபோது நன்றி சொல்லவில்லை. "அந்தக் கடைசிப் பத்தியைப் படிச்சாங்களா?" என்று கேட்டார். படித்தார்கள் என்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் அவளை முதல்முறையாக வேனில் ஏறச் சொன்னார். இத்தனை நாளும் அவள் ஏறவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பெட்டியையும் சிலிண்டரையும் பின்னால் தள்ளி, முன்னிருக்கையைத் துடைத்து வைத்திருந்தார். ஊருக்கு வெளியே ஏரிப்பக்கம் போய்வரலாம் என்பது திட்டம். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"அந்த நீலக் காரைப் பாருங்க. பின் சக்கரம் கோட்டுக்கு வெளியில."

"இன்னைக்கு லீவும்மா."

"அங்க பாருங்க, டாக்டர் ஸ்டிக்கர். அந்த ஆள் டாக்டரே இல்லை, மாவு மில் வெச்சிருக்காரு. ஐயோ, இது போன வருஷ ஸ்டிக்கர். இந்த அம்மா என்கிட்டயே வந்து, காரை வித்துட்டேன்னு அழுதாங்க!"

ஏரி வரும்வரை அவள் நிறுத்தவில்லை. கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். கரையில் ஒரு மரத்தடியில், நல்ல நிழலில், வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். காற்று சுகமாக இருந்தது. அவள் தலையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"சொல்லாதே," என்றார் அவர்.

"பத்தடி முன்னாடி எடுங்க. வளைவுல நிறுத்தக் கூடாது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியை வெயிலுக்கு நகர்த்தினார்.